மேலகரத்தில் மட்டும் ஒன்பது மில்லி

ஹலோ… ஹலோ, ஆவுடையப்பன் அண்ணாச்சியா?… ஆமா, நாந்தான், மேலகரம் சுந்தரபாண்டியன்… ஆச்சு ஆச்சு, இட்லி. அத விடுங்க அண்ணாச்சி. மொதல்ல எனக்கு ஒண்ணு சொல்லுங்க. ஃபேஸ்புக்ல நீங்க ஆரம்பிச்சது மழை அளக்குத குரூப்பா, கத சொல்லுத குரூப்பா?

ஏட்டி மாடத்தி, அந்த மிக்சிய செத்த நிறுத்து! அட்மின் அண்ணாச்சிகிட்ட பேசுதேம்லா!… இல்ல அண்ணாச்சி, உங்களச் சொல்லல. வீட்டுக்காரி. தொவையல் அரைக்கா… ம்… நிறுத்திட்டா. இப்ப கேக்குதா?

ஆமா… ஆமா… அந்த வாக்கெடுப்பத்தான் சொல்லுதேன். "மேலகரத்தின் ஒன்பது மில்லிமீட்டரை நீக்கலாமா?" என்ன அண்ணாச்சி இது? அறுநூறு பேரு பாக்குத குரூப்பு… எம் பேர போடலதான். போடலன்னா ஆச்சா? மேலகரத்துல மாடில மழைமானி வச்சு அளந்து போடுதவன் நான் ஒருத்தன்தான. எல்லாவனுக்கும் தெரியும்லா.

தெரியும் அண்ணாச்சி. தென்காசில பெய்யல. செங்கோட்டைல பெய்யல. குத்தாலத்துல மெயின் அருவி காஞ்சு பாறை தெரியுது. ஆனி பொறந்தும் சாரல காணோம். எல்லாம் தெரியும். ஆனா நேத்து காலைல எம் மானில ஒம்பது மில்லி தண்ணி நின்னுது. ரெண்டு தடவ பாத்தேன். தண்ணிய கண்ணால பாத்துட்டு இல்லன்னு எழுதணுமா?… தரையா?… தரை நனையலதான்… கைப்பிடிச் செவரா… அதுவும் நனையல… அது காத்துல காஞ்சிருக்கும் அண்ணாச்சி! நம்ம ஊரு மழை தெருவுக்கு இந்தப் பக்கம் பெஞ்சு அந்தப் பக்கம் பெய்யாம போனத நீங்க பாத்ததில்லியா?… பாத்திருக்கீயல்லா. அப்புறம் என்ன?

நான் ஒரு நா தப்பா போட்டிருக்கேனா? சொல்லுங்க. மூத்தவன் கல்யாணத்தன்னைக்கு, மாப்பிள்ள அழைப்புக்கு எல்லாரும் கெளம்பி நிக்காவ, நான் பட்டு வேட்டியோட மாடி ஏறி அளந்து போட்டேன். மாடத்தி அதுக்கு ரெண்டு நாளு எங்கூடப் பேசல. அப்படிப்பட்டவன் நான். எம் பதிவுக்குக் கீழ ஒருத்தன் "குழாய் மழை"ன்னு எழுதிருக்கான். நான் குழாயத் தொறந்து புடிச்சேனாம்… சிரிக்கீயளா?… இல்ல, சிரிச்சீய, கேட்டுச்சு.

சரி… சரி… விடுங்க. அதுகூட எனக்குப் பெருசில்ல. வயித்தெரிச்சல் எங்கன்னு சொல்லவா? அந்த இலஞ்சிக்காரி… ஆமா, அவதான். சொந்தப் பேரக்கூட சொல்லாம இலஞ்சிக்காரின்னு வச்சுக்கிட்டு, மூஞ்சிக்குப் பதிலா ஒரு மேகத்தப் போட்டுக்கிட்டு… என்ன இருமுதீய? தண்ணி குடிங்க… குடிச்சாச்சா?

அவ வந்து ரெண்டு மாசம் இருக்குமா? ஒரு மில்லியாவது அளந்து போட்டிருக்காளா? மொதல்ல அவ வீட்டுல மானி இருக்கா?… இருக்குங்கீய. உங்களுக்கு எப்படித் தெரியும்?… ஓ, அட்மினுக்குத் தெரியுமோ. சரி. மானி இருந்தும் அளக்கல, அதத்தான் சொல்லுதேன்.

நான் போட்டா என்ன வருது? "மேலகரம், மூன்று மில்லிமீட்டர்." மூணு லைக்கு. அதுல ஒண்ணு நீங்க, ஒண்ணு நான். அவ என்ன போடுதா? இருங்க, மனப்பாடமா இருக்கு. "வானம் மூடிச்சு. எங்க வீட்டு ஆளு மழையப் பாக்க மாடிக்கு ஓடுனாரு. ஓடுன ஓட்டத்துல நான் காயப்போட்ட கூழ்வத்தல மிதிச்சுட்டாரு. மழையும் வரல, வத்தலும் போச்சு." இம்புட்டுத்தான். இதுக்குக் குமியுது ஹார்ட்டு! நானும்தான் போன மாசம் வத்தல மிதிச்சேன். ஒரு வாரம் எங்க வீட்டுல சோத்துக்கு வத்தல் கெடையாது. நான் எழுதுனேனா? எழுதிருந்தா எனக்கும் விழுந்திருக்கும்லா.

… எதுக்கு அண்ணாச்சி "யோசிங்க, யோசிங்க"ங்கீய? யோசிச்சுத்தான் பேசுதேன்.

இன்னொண்ணு எழுதுனா பாருங்க. அந்தக் காப்பி… ஆமா, அதுதான். "எங்க வீட்டு ஆளு காப்பி நல்லாருக்குன்னு வாயால சொல்லமாட்டாரு. மழை பெஞ்ச அன்னைக்கு மட்டும் இன்னொரு டம்ளர் கேப்பாரு. அந்த ஒரு டம்ளருக்காகவே மழை வரட்டும்னு வேண்டிக்கிடுவேன்." படிச்சீயல்லா?… நானும் படிச்சேன்… நல்லாத்தான் இருக்கு. நல்லாருக்குன்னுதான எரியுது! மோசமா இருந்தா நான் எதுக்கு உங்களுக்கு போன் போடுதேன்? எனக்கு அப்படி வரல அண்ணாச்சி. ஒரு நா உக்காந்து பாத்தேன். "மழை பெய்தது. மனைவி காப்பி கொடுத்தாள். குடித்தேன்." பட்டாளத்துல மேலதிகாரிக்கு ரிப்போர்ட்டு எழுதுன மாதிரி இருக்கு. அழிச்சுட்டேன்.

அதுல பாருங்க, அந்தப் புருசன்காரன நெனச்சா எனக்கு மனசே ஆற மாட்டேங்கு. கல்லா மண்ணா இருக்குத ஒரு ஆளு. வாயத் தொறந்து ஒரு நல்ல வார்த்த சொல்லாத சவம். அவனுக்குப் போயி இப்படி ஒரு பொண்டாட்டி! எனக்கு வாச்சவளும் இருக்கா. எம் பதிவுல ஒரு லைக்கு வச்சிருப்பாளா? கேட்டா, "மூணு மில்லில என்னத்த ரசிக்கச் சொல்லுதீய"ங்கா. ஆனா அடுக்களைல நின்னு போன பாத்துத் தானா சிரிச்சுக்கிடுதா. யாரு எழுதுனதப் படிச்சு? அந்த இலஞ்சிக்காரி எழுதுனதப் படிச்சுத்தான்… ஆமா, மாடத்தி பொறந்த ஊரும் இலஞ்சிதான. சொந்த ஊர்க்காரி மேல பாசம் பொங்குதுபோல… இல்ல, எழுதுதது யாருன்னு நான் கேக்கல. யாரா இருந்தா எனக்கென்ன?

ஒரே பேச்சு அண்ணாச்சி. அவள குரூப்ப விட்டு எடுங்க. எடுக்கலன்னா நான் போயிருதேன்… ஆமா, போயிருதேன். மானியக் கழத்தி வீசிருவேன். ஆடி மாசம் ஐந்தருவில எல்லாரும் கூடுவீயல்லா, அதுக்கும் வரமாட்டேன்… வெளையாட்டு இல்ல அண்ணாச்சி. எனக்கு ராத்திரி தூக்கம் வரல. வேற எது சொன்னாலும் பொறுத்துக்கிடுவேன். வாழ்க்கைல ஒரே ஒரு வேலைய ஒழுங்கா செய்யுதேன்னு நெனச்சிருந்தேன். அதுலயும் பொய்யன்னு ஆக்கிட்டானுவ. அம்புட்டு பேரு முன்னால…

இல்ல… அழல. யாரு அழுதா?… மாடத்தியா? இங்கனதான் நிக்கா. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா… மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு. ஏட்டி, என்ன? எங்க போற?… ஏட்டி!… அவ போன எடுத்துக்கிட்டு மாடிக்குப் போறா அண்ணாச்சி. பாதி அரைச்ச தொவையல அப்படியே போட்டுட்டு.

சொல்லுங்க… ம்… ம்… கேக்கேன்… "மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீய"ன்னு உங்களுக்கு லேசா வருது. உங்க மானில இப்படித் தண்ணி நின்னு, ஊரே சிரிச்சா தெரியும்… வாக்கெடுப்ப நிறுத்துதீயளா? நிறுத்துனா மட்டும் சந்தேகம் போயிருமா?… ம்… இல்ல, உங்க மேல கோவம் இல்ல. அவ மேலதான்…

என்ன சத்தம்? உங்க போனா? எனக்கும் வந்துச்சு… "இலஞ்சிக்காரி புதிய பதிவு." பாத்தீயளா! நான் இங்கன வெந்துக்கிட்டு இருக்கேன், இப்பவும் கத எழுதிட்டா!… என்ன?… நானே படிக்கணுமா? நீங்களே படிங்களேன்… சரி சரி, இருங்க. ஸ்பீக்கர்ல போடுதேன். கண்ணாடி எங்க… ஆங்.

"மேலகரத்து மழைமானிக்காரரை இனிமே யாரும் கிண்டல் பண்ணாதீங்க." ஹா! இவ யாரு எனக்கு வக்காலத்து வாங்க?… படிக்கேன் அண்ணாச்சி, படிக்கேன்… "அவரு அளந்தா தப்பாது. மானியில தண்ணி நின்னது நெசம்." அப்படிச் சொல்லு!… "சாரல் வரலன்னு தெனமும் காலையில வெறும் மானிய எட்டிப் பாப்பாரு. பாத்துட்டு வந்து இட்லிய பிட்டு வச்சுக்கிட்டு தின்னாம எந்திரிச்சுப் போவாரு. எனக்குப் பாக்கப் பொறுக்கல. நேத்து அவரு எந்திரிக்க முன்னால நான்தான் மாடிக்குப் போயி அரை டம்ளர்…"

… …

"அரை டம்ளர் தண்ணிய ஊத்தி வச்சேன். சந்தோசமா ரெண்டு இட்லி கூடத் தின்னாரு. குரூப்புல நீங்க இப்படிச் சிரிப்பீங்கன்னு நான் நெனக்கல. தப்பு எம் மேல. அவரு நேர்மையான மனுசன். இப்படிக்கு, அவர் வீட்டுக்காரி…"

… இருங்க அண்ணாச்சி. கண்ணாடியத் தொடச்சுக்கிடுதேன்.

"அவர் வீட்டுக்காரி, மாடத்தி."

… …

அப்போ அந்த வத்தல மிதிச்ச ஆளு… ஐயோ… அந்தக் காப்பியும்…

உங்களுக்குத் தெரியுமா?… ரெண்டு மாசமாவா?… சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டாளா… எதுக்கு?… "தெரிஞ்சா கூச்சப்படுவாரு, அப்புறம் மாடிக்கு ஓடமாட்டாரு"ன்னா?… அப்படியா சொன்னா?

நான் அவன சவம்னு சொன்னேன் அண்ணாச்சி. கல்லு மண்ணுன்னு சொன்னேன். அவ இங்கனதான நின்னுக்கிட்டு இருந்தா. அவள எடுங்கன்னு வேற… ஏ யப்பா. ஒரு வார்த்த எதுத்துப் பேசல. தொவையல விட்டுட்டுப் போயி இத எழுதிருக்கா.

கேளுங்க. அந்த ஒம்பது மில்லிய அடிச்சிருங்க. வாக்கெடுப்பு வேண்டாம், நானே சொல்லுதேன். மேலகரம், பூஜ்யம்… ஆமா, பூஜ்யம்னே போடுங்க. பெய்யாதது பெய்யாததுதான். அவள எடுக்காதீய… சரி, நீங்க எடுக்கமாட்டீய, எனக்குத் தெரியும்.

… இருங்க, இருங்க. என்ன இது? கீழ யாரோ எழுதுதான். பேச்சிராஜுன்னு ஒருத்தன். "அக்கா, எனக்கும் உங்கள மாதிரி ஒருத்தி கெடைக்கணும்"… எவன் அண்ணாச்சி இவன்?… வீரகேரளம்புதூர்க்காரனா? கல்யாணம் ஆயிட்டா?… ஆகலியா! ஆகலன்னா அவங்க அம்மாகிட்ட சொல்லி பொண்ணு பாக்கச் சொல்லணும். எம் பொண்டாட்டி பதிவுல வந்து என்ன வேண்டுதல்?… தம்பி மாதிரியெல்லாம் இல்ல. ரெண்டு ஹார்ட்டு போட்டிருக்கான்… அது யாரு, ஜெபசிங்? "தாயன்பு"ன்னு எழுதிருக்கான்… வாத்தியாரா? எந்த வாத்தியாரா இருந்தா என்ன? எம் மூணு மில்லிக்கு ஒரு லைக்கு போடத் துப்பில்ல, இங்க வந்து உருகுதானுவ!

அண்ணாச்சி, அந்த ஹார்ட்டு எப்படிப் போடணும்?… போட்டதில்ல. லைக்கு மட்டுந்தான் தெரியும்… அமுக்கிப் புடிச்சுக்கிட்டே இருக்கணுமா… ம்… வரிசையா வருது… செவப்பா இருக்கதுதான?… ஆங். போட்டாச்சு. எங்க எம் பேரு? காணோமே… கீழயா… இன்னும் கீழயா… எனக்கு முன்னால இம்புட்டு பேரா! எழுதி அஞ்சு நிமிசம் ஆகல, அதுக்குள்ளயுமா! மொத ஆளு யாரு… ஆவுடை… அண்ணாச்சி! நீங்களா? எங்கூடப் பேசிக்கிட்டே மொத ஆளா போய் போட்டீயளா?… சிரிக்காதீய! தாலி கட்டுன புருசன் நான், ஊருசனத்துக்குப் பின்னால கடைசில நிக்கேன்!

… இல்ல, வைக்கேன்… இல்ல அண்ணாச்சி, அப்புறம் பேசலாம். மாடிக்குப் போணும். நேர்ல போயி சொன்னாத்தான் உங்க எல்லாரையும் முந்த முடியும்… என்னத்தச் சொல்லுவேன்னா? அத உங்ககிட்ட சொல்லிட்டேன்னா, அதையும் மொதல்ல கேட்ட ஆளு நீங்களா ஆயிருவீய. வைங்க போன!