புளியங்கொட்டைப் பந்தயம்

— மறுபடியும் சீட்டைக் கவுத்துட்டீங்களா?

— கவுத்துட்டேன். எடுத்துக்க, ஒரு கொட்டை உன்னுது.

— முழுசா விரிச்சுக்கூடப் பாக்கல. மூணே மூணு சீட்டு. அதைப் பாக்கறதுக்கு இன்னாங்க சோம்பல்?

— பாத்தேன் லோயிஸ். உதவாத சீட்டு. ஏஸ் இல்லாம, ஜோடி இல்லாம ஆட்டத்துல உக்காரக் கூடாதுன்னு உனக்கு எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருக்கேன்.

— எனக்கு அதெல்லாம் ஏறாது. வந்த சீட்டை ஆடிட வேண்டியதுதான். எதிர்ல குந்திக்கினு கீறது நீங்க. கவர்னரா கீறாரு, பயப்படறதுக்கு?

— மெதுவா பேசு. ஞாயித்துக்கிழமை மத்தியானம். பக்கத்துல சர்ச் பாதிரியார் வீட்டு ஐயரம்மா துணி உலத்திட்டு இருக்காங்க. தமிழ் வாத்தியார் நேசகுமார் வீட்ல சீட்டாடறாங்கன்னு தெரிஞ்சா அடுத்த வாரப் பிரசங்கமே நம்மைப் பத்தித்தான்.

— தாப்பா போட்டுட்டுதான் வந்தேன். கலைச்சுப் போடுங்க.

— சரி, இருக்கட்டும். போடறேன். என் பக்கம் கொட்டை பாதிக்கும் கீழ வந்துட்டுது பாரு.

— பாத்துக்கினுதான் கீறேன். இன்னா பேசினோம்? இன்னொரு வாட்டி சொல்லுங்க. அப்பால மாத்திப் பேசக் கூடாது.

— யார் கொட்டை தீந்துபோகுதோ அவங்க மத்தவங்க பேச்சைக் கேக்கணும். நான் ஜெயிச்சா திருத்தணிக்குப் போறோம். நீ ஜெயிச்சா இந்தச் சித்தூர்லயே இருக்கோம்.

— நாளைக்கே பதில் சொல்லணுமா?

— கணக்கு வாத்தியார் நாகபூஷணம் காலையில திருத்தணிக்குப் போறார். அங்க எனக்கு வேலை தர்றதா சொன்ன பள்ளிக்கூடத்துக்கு, வர்றேன் இல்ல வரலைன்னு அவர் மூலமா ஒரு வார்த்தை சொல்லி அனுப்பணும். அதுக்கு மேல காத்திருக்க மாட்டாங்க. ஏப்ரல்ல திருத்தணி ஆந்திராவை விட்டு மெட்ராஸோட சேந்துடுது. அப்புறம் அங்க தமிழ் வாத்தியார் வேலைக்கு ஊர்ப்பட்ட பேர் வந்து நிப்பாங்க.

— எத்தினி மாசமா இதே பேச்சு. நீ சொல்லுன்னு நீங்க, நீங்க சொல்லுங்கன்னு நான். வாயே வலிச்சுப்போச்சு.

— அதனாலதானே சீட்டை எடுத்தேன்.

— வச்சிட்டேன். மூணு கொட்டை.

— மூணா? சீட்டைப் பாத்தியா முதல்ல?

— பாத்துட்டுதான் வச்சேன். நீங்களும் வைங்க. வச்சிட்டு, காட்டுன்னு கேளுங்க.

— ம்ஹூம். கவுத்துட்டேன்.

— அட, இன்னாங்க நீங்க! ஒரு வாட்டியாவது என் சீட்டைக் காட்டச் சொல்லுங்களேன். சரியான பயந்தாங்கொள்ளி.

— ஆமா, பயந்தாங்கொள்ளிதான். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் தெலுங்குல கேள்வி கேட்டப்ப பசங்க உக்காந்திருந்தாங்க, வாத்தியார்தான் எந்திரிச்சு நின்னார்னு தெருவெல்லாம் சொன்னவ நீதானே.

— சொன்னேன். சிரிச்சாங்க. அதுக்குன்னு சீட்டாட்டத்துலயும் எந்திரிச்சு நிக்கணுமா?

— பசங்கன்னு பேருதான். மொத்த கிளாஸும் ஒரு பெஞ்சுக்குள்ள அடங்கிடுது. தமிழ் பேசற வீட்லயே புள்ளைங்களை இப்ப தெலுங்குல சேத்துடறாங்க. நான் குறை சொல்லல, நாளைக்கு வேலை கிடைக்கணுமே. வர்ற வருஷம் அந்த பெஞ்சும் இருக்காது. என்னை டிராயிங் வாத்தியார் ஆக்கப் போறதா சொல்றாங்க.

— டிராயிங்கா? நீங்க வரைஞ்ச மாட்டைப் பாத்துட்டு நம்ம தாசு நாய்னு சொன்னான்.

— ஆமா. வாலைப் பாத்து சொன்னான்.

— கொம்பைப் பாத்தும்தான் சொன்னான். போடுங்க சீட்டை.

— லோயிஸ், இன்னைக்கு ஆராதனை முடிஞ்சதும் அவன் கல்லறைக்குப் போனியா?

— போனேன்.

— மழைக்குப் புல் முளைச்சிருக்குமே.

— புடுங்கிட்டேன். பூக்கார கங்கம்மா நான் கேக்காமலே சாமந்தி கட்டி வச்சிக்கினு வாசல்ல நிக்கிறா. புள்ளை போன நாள்லருந்து ஒரு ஞாயிறு தப்பல. வேணாம்னு எப்படிச் சொல்றது? வாங்கிக்கினேன். அப்பால ஐயரம்மா வந்து கையைப் புடிச்சிக்கினாங்க. "தாசு அம்மா, மனசுல வச்சிக்காத, அழுதுடு"ன்னாங்க.

— அழுதியா?

— அழுதேன். அவங்க நின்னுக்கினே இருந்தாங்களே.

— உன் மேல பிரியம் அவங்களுக்கு.

— பிரியம்தான். யாரு இல்லைன்னா? இந்த ஊர்ல எனக்கு லோயிஸ்னு ஒரு பேரு கீதுன்னே மறந்துட்டாங்க. மார்க்கெட்டுக்குப் போனா அந்தக் கல்லறை வழி. தண்ணிக்குப் போனா அந்த வழி. புத்தலப்பட்டு பஸ் ஏறணும்னாலும் அந்த மதில் ஓரமாத்தான் நிக்கணும்.

— அதைத்தான் நானும் நினைச்சுக்கறேன். அவன் உனக்குப் பக்கத்துலயே இருக்கான்.

— உம். பக்கத்துலதான். அஞ்சு கொட்டை வச்சிட்டேன்.

— அஞ்சா! ராசி உன் பக்கம் அடிக்குது. கவுத்துட்டேன்.

— எனக்குச் சலிப்பாக் கீதுங்க. ஆடறதுக்குன்னு உக்காந்துட்டு எல்லாத்தையும் கவுத்துக்கினே இருந்தா இது இன்னா ஆட்டம்? எங்க நைனா கல்யாணத்துக்கு முன்னாடியே சொன்னாரு, மாப்பிள்ளை நல்லவரு, ஆனா கடைக்குப் போனா ஒரு குடையைக்கூட விரிச்சுப் பாத்து, மடக்கி வச்சிட்டு வந்துடுவாருன்னு.

— அந்தக் குடையில ஓட்டை இருந்துது.

— எல்லாக் குடையிலயுமா?

— சரி, இருக்கட்டும். இன்னும் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கு எனக்கு. நீ ஜெயிக்கப் போற. அப்புறம் ஏன் இந்தக் கோவம்?

— நான் ஜெயிச்சா இருக்கோம், நீங்க ஜெயிச்சா போறோம்னு பங்கு பிரிச்சது யாரு?

— நான்தான். வேற எப்படிப் பிரிக்கறது? போகலாம்னு நீயா சொல்லப் போற?

— கேட்டீங்களா?

— கேக்கணுமா லோயிஸ்? பெத்தவ நீ.

— போடுங்க.

— போட்டுட்டேன். எடுத்துப் பாரு. கண்ணு ஏன் சிவந்திருக்கு?

— தூக்கம் இல்ல. வச்சிட்டேன்.

— எவ்வளவு?

— கையில வந்தது. நான் எண்ணல. எண்ண முடியல எனக்கு. இந்த ஒரு வாட்டி மட்டும் ஆடுங்க. உங்க கால்ல வேணும்னா வுழறேன். காட்டுன்னு கேளுங்க.

— வேணாம்மா. கவுத்துட்டேன். இந்தா, மிச்சம் இருக்கற ரெண்டு மூணும் உன்னுது, அதை வச்சு இனி என்ன ஆடறது. எங்கிட்ட இனி கொட்டை இல்ல. நீ ஜெயிச்சுட்ட. இங்கயே இருப்போம். நாகபூஷணம்கிட்ட வரலைன்னு சொல்லிடறேன். மாடு வரையப் பழகிக்கறேன். என்ன, சிரிக்க மாட்டேங்கற?

— அப்டி இன்னா சீட்டைக் கவுத்தீங்க, நான் பாக்கறேன்.

— ஏய், தொடாத. கவுத்த சீட்டைப் பாக்கக் கூடாது. அது முறை இல்ல.

— மூணு ராஜா.

— லோயிஸ், வச்சிடு.

— மூணும் ராஜா. ஏஸ் இல்லாம, ஜோடி இல்லாம உக்காராதன்னு எனக்குச் சொல்லிக்கினே, மூணு ராஜாவை வச்சிக்கினு கவுத்தீங்களா?

— சீட்டுதானே. விடு.

— முன்னாடி கவுத்ததெல்லாம்?

— எல்லாமே நல்ல சீட்டு இல்ல. சிலது நல்லாத்தான் வந்துது.

— ஏங்க?

— நான் போகணும்னுதான் நினைச்சேன். பொய் சொல்லல. அங்க கிளாஸ் நிறையப் பசங்க. எந்திரிச்சு நிக்காம பாடம் நடத்தலாம். ஆனா உன்னை அவன்கிட்டேருந்து பிரிச்சு இழுத்துட்டுப் போயி, அங்க நான் எந்த முகத்தோட சாப்பிடறது? போக வேணாம்னு உங்கிட்டச் சொன்னா எனக்காகச் சொல்றீங்கன்னு நீ ஒத்துக்க மாட்ட. தோத்துட்டா பேச்சே இல்ல பாரு.

— இன்னாங்க பண்ணி வச்சிட்டீங்க.

— இப்ப என்ன ஆயிடுச்சு? ஏன் முகத்தை மூடிக்கற?

— என் சீட்டை எடுத்துப் பாருங்க.

— எதுக்கு? நீதான் ஜெயிச்சுட்டியே.

— பாருங்கன்றேன்.

— ரெண்டு, அஞ்சு, ஒம்போது. என்ன இது? ஒண்ணோட ஒண்ணு ஒட்டவே இல்ல. இதுக்கா ஒரு கை அள்ளி வச்ச?

— அதுக்கு முன்னாடி வச்சதுக்கும் இதே லட்சணம்தான். நல்ல சீட்டு வந்தப்பதான் கொஞ்சமா வச்சேன்.

— பைத்தியமா உனக்கு? நான் ஒரு தடவை காட்டுன்னு கேட்டிருந்தா மொத்தமும் போயிருக்குமே. இந்தச் சீட்டை வச்சிக்கிட்டு எப்படி ஜெயிக்கப் பாத்த?

— யாருங்க ஜெயிக்கப் பாத்தது? போகலாம்னு பெத்தவ வாயால எப்படிச் சொல்றது? தோத்துட்டா, அழுதுக்கினே உங்க பின்னால வந்துடலாம்னு இருந்தேன்.