டிவியில் வந்த இன்னொரு அப்பா

...நம்ம லாரி சங்கத்தை ரெண்டாப் பிரிக்கலாமா வேண்டாமான்னு சீட்டு எழுதிப் போடத்தானே வந்திருக்கோம்? தாராளமாப் போடுங்க. தடுக்க நான் யாரு? பத்தாவதுல கணக்குப் பாடம்தான் என்னைத் தடுத்துச்சு, நான் இதுவரைக்கும் யாரையும் தடுத்ததில்லை. ஆனா அதுக்கு முன்னாடி எங்க வீட்டுல நடந்த ஒரு சின்னக் கதையைச் சொல்லிடறேன்... வடை ஆறிடாது, பயப்படாதீங்க.

எம்பொண்ணு மோகனப்ரியாவுக்குக் கல்யாணம் கூடி வந்துச்சு. பெங்களூர்ல இருந்து ஒரு கறுப்புப் பொட்டி அனுப்பினா. டிபன் கேரியர் மாதிரி இருந்துச்சு. போன்ல சொல்றா: "அப்பா, இது நெட்வொர்க் ஸ்டோரேஜ். வீட்டுப் படம் எல்லாத்தையும் இதுல போட்டு வைச்சுட்டா, எந்த ரூம்ல இருந்தும் டிவியில பார்க்கலாம். ரெண்டு ஹார்டு டிஸ்க்கை உள்ள தள்ளு."

நான், "டயர் மாதிரி அடிச்சு ஏத்தட்டுமா சாமி?"

"ஐயோ... மெதுவாப்பா! ஒயரை மோடத்துல சொருகு. அது என்ன கேட்டாலும் ஓகே கொடு."

கொடுத்தேன். கேட்டதுக்கெல்லாம் கொடுத்தேன். லாரிக்குப் பர்மிட் போடறப்பக்கூட நான் இத்தனை சரி சொன்னதில்லீங்க!

பழைய ஆல்பத்தையெல்லாம் ஸ்டுடியோவுல ஸ்கேன் பண்ணி ஏத்தணும். அங்கதான் நான் ஒரு வேலை செஞ்சேன். என்ன வேலை? எங்க அண்ணன் செங்கோட்டுவேலு இருக்கற படத்தையெல்லாம் ஒண்ணொண்ணாப் பார்த்து, உருவி, ஒதுக்கி வைச்சுட்டேன். ஏன்? கோயில் பண்டிகை நோட்டீஸ்ல யார் பேரு முதல்ல போடறதுன்னு ஒரு சண்டை. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவர் தெரு வேற, என் தெரு வேற. நடுவுல இருக்கறது ஒரே ஒரு மாவு மில்லு. அதுவரைக்கும்தான் நான் போவேன். கல்யாணத்துக்கும் சொல்றதில்லைன்னு முடிவு. பொண்ணு அழுதா. "பெரியப்பா இல்லாம எப்படிப்பா?"ன்னா. "அந்த ஆளு மூஞ்சியில முழிக்க மாட்டேன்"னுட்டேன்.

அந்தப் பொட்டி இருக்கே... அது மூஞ்சியை வைச்சு ஆளைப் பிரிக்குமாம். ஒரு மூஞ்சியைக் காட்டி இது யாருன்னு கேட்கும். 'அப்பா'ன்னு அடிச்சா, அந்த அப்பா இருக்கற படத்தையெல்லாம் அதுவே தேடி ஒண்ணாக் கோத்துடும். ப்ரியா லீவுல வந்தவ எல்லாருக்கும் பேரு போட்டு வைச்சிருந்தா.

உப்புச் சர்க்கரை மாத்தி நிச்சயம் பண்ண நாள் குறிக்கணும்னு சம்பந்தி வீட்டுல இருந்து வந்தாங்க. எனக்குப் பெருமை தாங்கலை. டிவியைப் போட்டேன். வரிசையா 'அப்பா' படம். ஒரு படத்துல நின்னுச்சு... ஸ்கூல் கேட்டுல ப்ரியா, மூணு வயசு, அழுதுக்கிட்டு இருக்கா. அவளைத் தோள்ல போட்டுக்கிட்டு ஒரு ஆளு. அந்த ஆளு கண்ணுலயும் தண்ணி!

சம்பந்தி கேட்டார், "ஏனுங்க, நீங்களும் அழுதிருக்கீங்க?"

விடுவனா? "அழாம எப்படீங்க? முதல் நாள் ஸ்கூல். அன்னைக்கு நான் சோறே திங்கலீங்க"ன்னேன்.

காபித் தட்டோட எங்க வீட்டம்மா பூங்கோதை வந்தா. டிவியைப் பார்த்தா. என்னைப் பார்த்தா.

"ஏனுங்க... அது நீங்க இல்லீங்க."

"நானில்லாம? என் சட்டையைப் பாரு!"

"சட்டை உங்களுதுதான். போட்டிருக்கறது உங்க அண்ணன். நீங்க அன்னைக்கு நாக்பூர்ல ஆக்ஸில் உடைஞ்சு நின்னுக்கிட்டிருந்தீங்க."

எனக்கு... எப்படிச் சொல்றது... பிரேக் புடிக்காத வண்டியில உட்கார்ந்த மாதிரி ஆயிடுச்சு. எந்த மூஞ்சி வேண்டாம்னு உட்கார்ந்து உட்கார்ந்து பொறுக்கி எடுத்தனோ, அதே மூஞ்சியை என் மூஞ்சின்னு நானே ஏத்திவிட்டிருக்கேன்! மெஷினும் ஏமாந்துச்சு, சரி. அது நேத்து வந்தது. நான்? கூடப் பிறந்தவன்! சம்பந்திக்கு முன்னாடி, அண்ணன் விட்ட கண்ணீருக்கு நான் கணக்கு எழுதிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்!

ப்ரியா மெதுவாச் சொன்னா, "மெஷின் தப்பாச் சேர்த்துடுச்சுப்பா. பேரை எடுத்துடட்டுமா?"

எடுன்னு சொல்ல வாய் வரலை. சம்பந்தி சாதாரணமாத்தான் கேட்டார், "இவர் எங்கீங்க? காணமே?"

எந்திரிச்சேன். செருப்புப் போட்டனான்னு ஞாபகமில்லை. மாவு மில்லைத் தாண்டினேன். அண்ணன் வாசல்ல நின்னு வண்டி துடைச்சுக்கிட்டிருந்தார். நிமிரவே இல்லை.

"எதுக்கு வந்தே?"

"டிவியில உன்னைப் பார்த்தேண்ணா. நான்தான்னு நினைச்சுட்டேன்."

துடைக்கிற கை நின்னுச்சு. என்னைத் தலையில இருந்து கால் வரைக்கும் பார்த்தார். "நீ என்னைக்குடா அவ்வளவு அழகா இருந்தே?"ன்னார்.

அப்புறம் உள்ள போய் சட்டையை மாட்டிக்கிட்டு வந்துட்டார். நாளும் அவர்தான் குறிச்சார்.

இதை எதுக்குச் சொல்றேன்? பங்காளிச் சண்டை தீர்ந்த கதைன்னு நினைச்சுக்காதீங்க. அவர் என்னை இப்பவும் திட்டறார், நானும் விடறதில்லை. விஷயம் என்னன்னா... கோபத்துல இருக்கறவன் கண்ணுக்கு ஆயிரம் வித்தியாசம் தெரியும். இந்தப் பக்கம் பழைய அணி, அந்தப் பக்கம் புது அணின்னு நமக்குத் தெரியுது. ரோட்டுல வண்டியை மறிக்கிறவங்களுக்குத் தெரியுமா? டீசல் விலைக்குத் தெரியுமா? நடுராத்திரி நாக்பூர்ல ஆக்ஸில் உடைஞ்சா, உதவிக்கு நிறுத்தற டிரைவர் நீ எந்த அணின்னு கேட்பானா?

சீட்டுப் போடுங்க. மடிக்கறதுக்கு முன்னாடி, எதிர்ப் பக்கம் உட்கார்ந்திருக்கறவர் மூஞ்சியை ஒரு தடவை நல்லாப் பாருங்க... நீங்க இல்லாத ஏதோ ஒரு நாள்ல, உங்க பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அவர் நின்னிருப்பார்.