மாப்பிள்ளை போட்ட ஆல்பம்

ஜெயினுலாபுதீன்: இன்னா ஜஹனாரா, பாட்டு எப்பதான் ஆரம்பிக்கும்?

ஜஹனாரா: ஆரம்பிச்சு திருக்கழுக்குன்றமே வந்துடுச்சுங்க.

ஜெயினுலாபுதீன்: இதுவா பாட்டு? வண்டிலதான் ஏதோ கோளாறுன்னு நான் ஏசியை நிறுத்திட்டேன்!

ஜஹனாரா: அதான் இப்படி வேர்க்குதா... போடுங்க மொதல்ல.

ஜெயினுலாபுதீன்: ம்ம்ம்ம்னு ஒரே இழுவை. நம்ம கடைக்கு பேரிங் போன ஃபேன் வருதே, அதே சத்தம். நான் அதை ரிப்பேர் பண்றேன், இந்த ஜுனைத் ரிலீஸ் பண்றான்.

ஜஹனாரா: சதுரங்கப்பட்டினத்துல அவங்க வூட்டுல போய் இப்படிப் பேசி வெக்காதீங்க. கட்டுனா அவரைத்தான் கட்டுவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா உங்க பொண்ணு.

ஜெயினுலாபுதீன்: பாடறதுக்கு ஒரு ஆளாச்சும் வெச்சிருக்கலாம்ல?

ஜஹனாரா: இதுல பாட மாட்டாங்களாம். மனசை அப்படியே மிதக்க வுடுமாம். நம்ம ஹாதியா சொன்னா.

ஜெயினுலாபுதீன்: சிறுசேரி ஐடி வேலையை வுட்டுட்டு நாளைக்கு இதையே பொழப்புன்னு உக்காந்துகினான்னா? எம் பொண்ணும் கூடச் சேர்ந்து மிதக்க வேண்டியதுதான்!

ஜஹனாரா: அதெல்லாம் வுட மாட்டாரு... அப்போ, வேணாம்னு சொல்லிடப் போறீங்களா?

ஜெயினுலாபுதீன்: போவோம். டீ குடிப்போம். மரியாதையா ரெண்டு வார்த்தை பேசுவோம்...

ஜஹனாரா: சம்பந்தம்?

ஜெயினுலாபுதீன்: யோசிக்கலாம்... இரு இரு, பேசாத. பாட்டுல இப்போ மழைச் சத்தம் நிக்கும், மணி ஒண்ணு அடிக்கும்... டிங்! ஆஹா...

ஜஹனாரா: ஒரு நிமிஷம் இருங்க...

ஜெயினுலாபுதீன்: இன்னா அப்படிப் பாக்குற?

ஜஹனாரா: மணி அடிக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? இன்னிக்குத்தானே மொத தபா கேக்குறீங்க?

ஜெயினுலாபுதீன்: அது... சும்மா ஒரு யூகம்...

ஜஹனாரா: ஏங்க!

ஜெயினுலாபுதீன்: சரி, கத்தாத. ஹாதியா அனுப்புனாளா... மத்தியானம் கடையில கூட்டமில்ல, போட்டுப் பாத்தேன். ரெண்டாவது பாட்டுக்குள்ள கண்ணு சொருகிடுச்சு. இப்போ இது இல்லாம மத்தியானத் தூக்கமே வர்றதில்ல. அவகிட்ட சொல்லிடாத. பொண்ணைப் பெத்தவன் கொஞ்சம் வெறப்பா இருக்கணும்.

ஜஹனாரா: யா அல்லா! உங்க வெறப்பைப் பாத்து புள்ள சரியா சோறே துன்றதில்ல!

ஜெயினுலாபுதீன்: அதுலயும் அந்தக் கடைசிப் பாட்டு... கடலை அப்படியே புடிச்சு வெச்சிருக்கான். அலை வருது, போவுது, வருது, போவுது... நடுவுல ஒண்ணு வராமலே நின்னுடும் பாரு, எனக்கு பக்குனு ஆயிடும். அப்புறம் கொர்ருனு பெருசா ஒண்ணு வரும்... அந்த ஒரு அலைக்கே பொண்ணு குடுக்கலாம், ஜஹனாரா.

ஜஹனாரா: எனக்கும் பக்குனுதான் ஆவும், நிக்காஹ் ஆன நாள்லேந்து... அது கடல் இல்லீங்க. உங்க கொறட்டை. வூட்டுச் சத்தம் எதுனா வேணும்னு மாப்ள கேட்டாரு, நான்தான் போன்ல புடிச்சு அனுப்புனேன்.