முதுகில் இரண்டு கை

— எலும்பு ஒட்டிடும்ல, மச்சான்?

— ரெண்டு மணிக்கட்டும் உடைஞ்சிருக்கு மாப்பிள்ளை. ஒட்டும்... நாளாகும். மாவுக்கட்டு போட்டுக்கிட்டிருக்காங்க.

— உங்களை மட்டும் உள்ள விட்டாங்க. நான் புருஷன், வெளியில நிக்கறேன்.

— உங்களைப் பார்த்தா அழுதுடுவாளாம். அண்ணன்னா அழமாட்டா, திட்டுவா.

— ச்சே... பிளேன் கிளம்புற நேரத்துல குறுக்க நாய் வரும்னு யார் கண்டா?

— பைலட் பிரேக் போட்டது சரிதான். என்னை உறுத்துறது உங்க இடுப்பு பெல்ட்டு.

— அதை விடுங்க...

— எப்படி விடறது? அந்த பிளேனுக்கு மெக்கானிக் நான். உங்க பெல்ட்டு தானா கழண்டுடுச்சுனு ஊர் பூரா சொல்லியாச்சு.

— உங்களைக் குத்தம் சொல்லலையே. பழசாகியிருக்கும்...

— போன மாசம்தான் புதுசு போட்டேன்.

— முதுகுல பாராசூட் இருக்கு, பெல்ட்டு எதுக்குனு குதிக்கிறவங்க நாங்க கேலி பண்ணுவோம்ல...

— தரையில ஓடுறப்போ பாராசூட் வெறும் மூட்டை. மூட்டையும் நீங்களுமா சேர்ந்து அவ மேல சரிஞ்சிருக்கீங்க.

— எனக்குப் பின்னாடி எப்பவும் அவதான். சீட்டா இருக்கு? எல்லாரும் பைலட்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, தரையில ஒருத்தர் பின்னால ஒருத்தர்... பிளேன் கிளம்பினதும் ரெண்டு கையையும் என் முதுகுல வெச்சுக்குவா. பயந்தாங்கொள்ளி.

— ஆகாயத்துலேர்ந்து குதிக்கிறவளா பயந்தாங்கொள்ளி?

— சரி, ஆசையிலதான்னு வெச்சுக்கங்க. எனக்கு அது பிடிக்கும் மச்சான். இன்னிக்கும் அப்படித்தான் வெச்சிருந்தா...

— டாக்டரும் அதைத்தான் கேட்டார். திடீர்னு சரிஞ்சா கை எப்படி முன்கூட்டியே அங்க இருக்கும்னு.

— மச்சான்... அந்த பெல்ட்டு...

— சொல்லுங்க.

— மாட்டலை. மடியில போட்டு, ஹெல்மெட்டை மேல வெச்சு மறைச்சுட்டேன். எப்பவும் அப்படித்தான். புதுசா வர்றவங்கதான் மாட்டுவாங்கனு ஒரு வெட்டி கெத்து. பழியை உங்க தலையில கட்டிட்டேன்... அவகிட்ட நானே சொல்லிடறேன், நீங்க முந்திக்காதீங்க.

— அவதான் எனக்கே சொன்னா மாப்பிள்ளை. "அண்ணா, உன் பெல்ட்டு மேல தப்பில்ல"னு. உங்க காதுல போடக்கூடாதுனு சத்தியம் வேற வாங்கிக்கிட்டா. மாட்டுங்கன்னா நாலு பேர் முன்னாடி எரிஞ்சு விழுவீங்களாம்... அதான் ஒவ்வொரு தடவையும் கையை முட்டுக் கொடுத்துக்கிட்டு வந்திருக்கா.