இடது பக்கமா சாஞ்சு படு

சரி, அப்ப இந்தத் தலையணை வேண்டாம். கழுத்துகிட்ட உறுத்துதுன்னு மூஞ்சியைச் சுளிக்கிறே, கேட்டா நல்லாத்தான் இருக்குக்காங்கிறே. விலையைப் பார்த்துட்டியா? அது என் கவலை. நீ படுத்துப் பாத்து உள்ளதைச் சொல்லு, போதும். ஏம்மா, அந்த வளைஞ்ச தலையணை இருக்கே, ரெண்டு பக்கமும் கை நீட்டின மாதிரி, அதை எடுத்துக் கட்டில் மேல போடு. ஆமா, இவ என் தங்கச்சிதான். ஏழு மாசம்.

ஏறு. செருப்பைக் கழட்டிட்டு ஏறு. மெதுவா உக்காரு, கடைக்காரங்க கட்டிலு, உடைச்சு வைக்காதே. சும்மா சிரிக்கத்தானே சொன்னேன், அதுக்குள்ள முகம் சுண்டிப் போச்சு. சின்ன வயசுலேர்ந்தே உனக்கு ஒரு வார்த்தை தாங்காது.

இடது பக்கமா சாஞ்சு படு. மல்லாக்கப் படுக்கவே கூடாதுன்னு டாக்டரம்மா எத்தனை தடவை சொல்லியிருக்காங்க. நீ படுக்கிறே, எனக்குத் தெரியும், நான் கதவைத் திறந்து பாக்குறேன்ல. இப்ப அந்தக் காலைத் தூக்கி இது மேல போடு. ரெண்டு முட்டிக்கும் நடுவுல வரணும். வயித்துக்கு அடியிலயும் தாங்கணும், தொங்கக் கூடாது. எப்படி, இடுப்புல அந்தப் பிடிப்பு விடுதா?

என்னம்மா அப்படிப் பாக்குறே? பிள்ளை எங்களோடது. என்னோடதும் என் வீட்டுக்காரரோடதும். எனக்குத் தங்கவே தங்காதுன்னுட்டாங்க, அதான் எங்க கருவை இவ வயித்துல வச்சிருக்கு. இதுல ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு? நாங்க யாரும் கெஞ்சலை, அவளா வந்து சொன்னா, அக்கா நான் சுமந்து தர்றேன்னு. இல்லையாடி? அத்தான் உன் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுததை விட்டுடு, ஆம்பிளைங்க எதுக்கும் அழுவாங்க.

இப்ப அந்தப் பக்கம் புரளு. முடியலையா? அதான், பெரிசா இருந்தா இதுதான் தொல்லை. ஒண்ணுக்குப் போக எழுந்தாக்கூட மதில் ஏறிக் குதிக்கணும். கட்டில்ல பாதியை இதுவே அடைச்சுக்கும், புருஷன்காரன் தரையிலதான் படுக்கணும். உனக்கென்ன, எங்க வீட்டுப் பின்னறையில ஒண்டியாத்தானே கிடக்கிறே.

பிள்ளைங்க நெனப்பு வந்துடுச்சாக்கும். நேத்துதானே போன் போட்டுக் கொடுத்தேன். சின்னவன் உன்கிட்ட பேச மாட்டேன்னு ஓடிட்டான், அதுக்கு நான் என்ன பண்ண? உன் வீட்டுக்காரரும்தான் வயித்தைப் பாத்த நாள்லேர்ந்து இந்தப் பக்கம் எட்டிப் பாக்கலை. அவர் குணம் அப்படி. ஊர் சிரிக்கும்னு அப்பவே குதிச்ச மனுஷன்.

ஏம்மா, இதுக்குள்ள என்ன போட்டிருக்கு? அசைஞ்சா சரசரங்குதே. மணி மணியா இருக்கும் போல. வேண்டாம், எனக்குத் தலைமாட்டுல சத்தம் ஆகாது. பஞ்சு வச்சது காட்டு. அந்தப் பக்கம் ஒத்தை வளைவா இருக்கே, அது. உறை தனியாக் கழட்டித் துவைக்கலாமா? அப்ப அதையே போடு.

ம், கட்டிப் பிடிச்சுக்கோ. தாடை வரைக்கும் வருதா? முதுகுப் பக்கம் காலியா இருக்கிறது பரவாயில்லை, வேர்க்காது. புரளு. ஆ, இதுல சுலபமாத் திரும்புறே. எழுந்து உக்காரு. திரும்பப் படு. நிஜமாவே சுகமா இருக்கா, எனக்காகச் சொல்றியா? கண்ணை மூடிட்டே, அப்ப சுகம்தான். இதையே எடுத்துக்கலாம்.

அட, ஏன் கண்ணு கலங்குது? அக்கா உனக்காக இவ்வளவு பாக்குறாளேன்னா? துடைச்சுக்கோ, உறையில பட்டுடப் போகுது.

உனக்கில்லைடி, இது எனக்கு.

எனக்குத்தான். நாள் தள்ளிப் போச்சுன்னு போய்ப் பாத்தேன், மூணு மாசம் முடிஞ்சிருக்கு. ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை, தானா நின்னிருக்கு. குழந்தை நெஞ்சு துடிக்கிற சத்தத்தைப் போட்டுக் காட்டினாங்க. அத்தான் அங்கேயே உக்காந்துட்டார். இனிமே பயமில்லைன்னாங்க. எனக்கு இப்பவே முதுகு பிடிச்சுக்குது. வயிறு வராம நானே படுத்துப் பாத்தா என்ன தெரியும்? நீயும் நானும் ஒரே உயரம், ஒரே உடம்பு வாகு, அதான் உன்னைக் கூட்டிட்டு வந்தேன்.

இதுவா, உன் வயித்துல இருக்கிறதா? ம். அதையும் பேசத்தான் பேசினோம். ரெண்டு கைக்குழந்தையை ஒரே நேரத்துல என்னால வளக்க முடியாது, அத்தானும் அதைத்தான் சொல்றார். எங்க கருதான், யார் இல்லேன்னா? ஆனா என் வயித்துல ஒண்ணு வந்ததுக்கப்புறம் இதைப் பாத்தா ஒட்டவே மாட்டேங்குது, என்ன செய்ய? உனக்குப் பிள்ளை வளத்துப் பழக்கம். ரெண்டோட மூணா வளத்துக்கோ. உன்னையே அம்மான்னு கூப்பிடட்டும், நாங்க உரிமை கேட்டு வர மாட்டோம். பெத்து, தேறி, நேரா உன் வீட்டுக்கே போயிடு. பின்னறையில எனக்கு ஒரு ஆயாவைத் தங்க வைக்கணும்.

நம்ம அம்மாவுக்குத் தெரியும். உன் வீட்டுக்காரருக்கு நீயே பக்குவமாச் சொல்லிக்கோ.

கையை விடு, வலிக்குது. எழுந்திரு. அந்தப் பொண்ணு தலையணையைப் பையில போட நிக்கிறா, பாரு.