தோப்பில் உண்ட கள்

1954 மார்ச் 12, வெள்ளி. வழக்கம்போல் மாநில எல்லைக்கு அப்பாலுள்ள அத்திப்பள்ளிக் கடையைப் பூட்டிவிட்டு ஓசூர் பஸ் ஏறினேன். முன் இருக்கையில் ஒரு பையனின் தகப்பனாரும் அவனுக்குப் பார்த்திருந்த பெண்ணின் தாயாரும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“உங்க வூட்ல சோறு தின்னு நாங்க கை நனைக்கலியே தங்கச்சி, அப்பறம் சம்பந்தம் எப்டி முடிவாகும்? பையனுக்கு ராயக்கோட்டையில வேற எடம் வருது.”

“சோறு திங்கலதான். எங்க அத்திப்பள்ளித் தோப்புல ரெண்டு மொந்தை கள்ளு உண்டீங்களே ணா?”

“அது குடிச்சது.”

“குடிக்கிறது தண்ணிய. கள்ளு உண்டாங்கன்னுதான் எங்க பாட்டன் காலத்துலேந்து சொல்றது. ஏரோட்டறவனுக்கு மத்தியானச் சோறே அதுதானே, அதான் அந்தப் பேச்சு. ரெண்டு வேளைச் சோத்த உண்டுட்டு கை நனையலங்கறீங்களே!”

அவர் சிரித்துவிட்டார். “மதுவிலக்கு வந்து எங்க ஓசூர்ப் பக்கம் அந்தப் பேச்சே மறந்துபோச்சு.”

ஓசூரில் அவளுடைய மூட்டையை அவரே தூக்கிக்கொண்டார். “பாத்து எறங்குங்க, சம்மந்தி.”

மறுநாள் காலை முதல் வேலையாக இதை மனைவியிடம் சொன்னேன். “அந்தப் பொண்ணு குடுத்து வெச்சவ” என்றாள்.