நுனி மணிகள்

கண்டதையும் வாயில் போட்டுக் கடிக்காதே என்று என் ஆய்வு உதவியாளான அவளிடம் நான் சொல்லாத நாளில்லை. மக்காச்சோள மணி கையில் கிடைத்தால் போதும், உள்ளே மாவா கெட்டியா என்று பல்லால் சோதிப்பாள். "எலி தோத்துடும் போ" என்று கேலி செய்வேன். "எலிக்குச் சம்பளம் தர்றீங்களா அக்கா?" என்பாள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் என்னை அக்கா என்று கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான்.

என் வேலையைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். மணிக்குள் இருக்கும் சதைதான் கருவுக்குச் சாப்பாடு. தகப்பன் செடியின் மகரந்தத்திலிருந்து குறிப்பிட்ட ஒரு குரோமோசோம் துண்டு அந்தச் சதைக்கு வந்து சேராவிட்டால் சதை வளராது, மணி சிறுத்துவிடும். தாய்ப் பக்கத்திலிருந்து எத்தனை துண்டு கூடுதலாக வந்தாலும் ஈடாகாது. இருபது வருடம் பாடுபட்டு இதை நிறுவியவள் நான்.

மகரந்தத்தின் இரண்டு விந்தணுக்களில் ஒன்று சதைக்கும் மற்றது கருவுக்கும் போகும்; அதனால் சதைக்கு வராத துண்டு கருவில் கூடுதலாக இருக்க வேண்டும். அதை எண்ணிப் பார்க்கத்தான் அவளை வேலைக்கு எடுத்தேன். என் பழைய சிறுமணிகளை முளைக்கவைத்து, வேர்நுனியை நுண்ணோக்கியில் வைத்து எண்ணினாள். ஒரு நாள் மத்தியானம் தயங்கிக்கொண்டே வந்து நின்றாள்.

"அக்கா, இதுல எதுவும் கூடல. எல்லாம் சாதாரண மணிதான். கதிரோட நுனியிலேர்ந்து எடுத்திருக்கீங்க போல. நுனியில எப்பவுமே சின்னதாத்தானே இருக்கும்?"

அவள் சொன்னது சரி. கதிரில் எந்த இடத்து மணி என்று நான் குறித்துவைக்கவே இல்லை. அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. தவறு யாருக்கும் வரும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் என் தவறை நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். நேற்று வந்தவள் கண்டுபிடிக்கக் கூடாது.

விதைக்குப் பூசும் மருந்தில் சிவப்புச் சாயம் கலந்திருக்கும், யாரும் தெரியாமல் தின்றுவிடக் கூடாது என்பதற்காக. சாயமில்லாத பழைய டப்பா ஒன்று கிடங்கில் கிடந்தது. அடுத்து அவளுக்குக் கொடுத்த மணிகளை நான்தான் அதில் ஊறவைத்துக் காயவைத்தேன். மறுபடியும் எண்ணச் சொன்னேன். கடிக்கச் சொல்லவில்லை.

முதலில் அவள் விரல்கள் நடுங்கின. எண்ணிக்கை பிசகியது. "எனக்கே என் மேல நம்பிக்கை போச்சு அக்கா" என்று அழுதாள். எனக்கு மனசு கேட்கவில்லை, வீடுவரை கொண்டுபோய் விட்டேன். அன்றோடு நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். கை நடுங்கினாலும் அவள் தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லையே. ஐந்து வாரம் அந்த மணிகளையே கொடுத்தேன். ஆறாவது வாரம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அவள் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களைத்தான் சொந்த அக்காவா நெனச்சிருந்தா" என்றார். எனக்கு அழுகை வந்தது, பொய்யில்லை.

பிறகு நுனி மணி விஷயத்தை நானே கட்டுரையாக எழுதி வெளியிட்டேன். தன் தவறைத் தானே கண்டுபிடித்துச் சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று எல்லோரும் பாராட்டினார்கள். அவளை நான் மறந்துவிடவில்லை. கடைசிப் பக்கத்தில், மணிகளை எண்ணும் வேலையில் உதவியதற்காக அவளுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன்.